மண்ணை வாங்கிவிட்டுக் காத்திருந்தவர்

“அந்தக் காலத்திலேயே நாலு மனை வாங்கிப் போட்டிருந்தால்!” என்ற பெருமூச்சைக் கேட்காத குடும்பம் நம்மில் ஏது? கல்யாண வீட்டுத் திண்ணையில், ரயில் பெட்டியில், ஏன், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட இந்தப் பேச்சு வந்துவிடும். தாத்தாவுக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியது, கையில் பணம் இல்லை. பிள்ளை கையில் பணம் வந்தபோது மனையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இப்படியே மூன்று தலைமுறை கழிந்துவிடுகிறது.

தோன்ற வேண்டிய காலத்தில் தோன்றி, கையில் பணமும் இருந்து, மனை மனையாக வாங்கிப் போட்ட ஒரு மனிதருடைய சரித்திரத்தை இங்கே சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். 1763-ஆம் வருஷம் ஜூலை மாதம், ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள வால்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கசாப்புக் கடைக்காரர். 1848 மார்ச் 29-ந் தேதி நியூயார்க்கில் கண்ணை மூடியபோது, அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர் அவர்தான். சொத்தின் மதிப்பு சுமார் 2 கோடி டாலர். அந்தக் காலத்து 2 கோடி என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது. அதில் பெரும்பங்கு தரை. வெறும் தரை.

பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி லண்டனுக்குப் போனார். அங்கே அண்ணன் ஒருவர் புல்லாங்குழல் முதலான வாத்தியங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் சில வருஷம் தொழில் கற்றார். 1783-ன் முடிவில், ஏழு புல்லாங்குழல்களைச் சரக்காக எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். அமெரிக்கக் கரையை நெருங்கிய கப்பல் பனிக்கட்டியில் அகப்பட்டு, வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. கூட வந்த பிரயாணி ஒருவர் பொழுது போகாமல் தோல் வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளை எடுத்துச் சொன்னாராம். காட்டிலே பூர்வகுடிகளிடம் மலிவாக வாங்கும் மிருகத் தோல் லண்டனில் பல மடங்கு விலைக்குப் போகும் என்று கேட்டதும், வாலிபனுக்குப் புல்லாங்குழலில் இருந்த மோகம் குறைந்துவிட்டது.

1785-ல் சாரா டாட் என்ற பெண்ணை மணந்தார். பெண்ணின் தாயார் சாப்பாட்டு விடுதி நடத்தியவர். சீதனமாக வந்தது 300 டாலர். அதைவிடப் பெரிய சீதனம் அந்த அம்மாளின் கைப்பழக்கம். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்வதில் புருஷனை மிஞ்சியவள் என்று பெயர். இருவருமாகச் சேர்ந்து தோல் வியாபாரத்தைப் பெருக்கினார்கள். பிறகு சீனாவுக்குக் கப்பல் போயிற்று. தோலைக் கொடுத்துத் தேயிலையும் பட்டும் வாங்கினார். கொஞ்ச காலம் துருக்கி அபினியும் போயிற்று. 1808-ல் அமெரிக்கத் தோல் கம்பெனியை ஆரம்பித்தார். காட்டில் தோலுக்குப் பதில் சாராயத்தைக் கொடுத்துப் பூர்வகுடிகளைக் கெடுத்த பாவத்தில் அந்தக் கம்பெனிக்கும் நிறையப் பங்கு உண்டு. பணம் வந்த வழியைச் சொல்லாமல் பணம் போன வழியை மட்டும் சொல்வது நியாயமாகாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மன்ஹாட்டன் ஒரு தீவு. வடக்குத் தெற்காகச் சுமார் 13 மைல் நீளம். அகலம் மிஞ்சிப் போனால் இரண்டரை மைலுக்குள். மேற்கே ஹட்சன் ஆறு, கிழக்கே கிழக்காறு, தெற்கே துறைமுகம். ஆஸ்டர் வந்து சேர்ந்த காலத்தில் நியூயார்க் பட்டணம் முழுவதும் தெற்கு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வடக்கே வயல், தோப்பு, பாறை, சதுப்பு, நடுநடுவே பண்ணை வீடுகள். இந்த ஊர் வளர்ந்தால் எந்தப் பக்கம் வளரும்? மூன்று பக்கம் தண்ணீர். வடக்கே போவதைத் தவிர வேறு கதியில்லை. இதைக் கண்டுபிடிக்க ஜோசியரைத் தேடிப் போக வேண்டாம். ஊரின் தெற்கு முனையில் நின்று ஒரு தடவை சுற்றிலும் திரும்பிப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான பேர் அங்கே நின்றார்கள், பார்க்கவும் பார்த்தார்கள். ஆஸ்டர் பார்த்ததோடு நிற்காமல் பத்திரம் எழுதினார்.

1789-ல் முதல் மனை. பவரி என்ற சாலையின் ஓரத்தில், அவருடைய இன்னோர் அண்ணன் கசாப்புக் கடை வைத்திருந்த பக்கத்தில் வாங்கினார். அதற்குப் பிறகு தோலிலும் தேயிலையிலும் வந்த லாபத்தில் ஒரு பகுதி தவறாமல் மண்ணுக்குப் போயிற்று. 1790-ல் நியூயார்க்கின் ஜனத்தொகை 33 ஆயிரம். 1800-ல் 60 ஆயிரம். 1820-ல் 1 லட்சத்து 23 ஆயிரம். 1850-ல் 5 லட்சத்து 15 ஆயிரம். இந்த நாலு எண்களைப் பார்த்துவிட்டால் ஆஸ்டரின் ஐசுவரிய ரகசியத்தில் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

மிச்சக் கால் பங்கை விளக்க ஒரு கதை சொல்வார்கள். வால் தெருப் பக்கத்தில், ஊரின் நெஞ்சு போன்ற இடத்தில் இருந்த ஒரு மனையை ஆஸ்டர் 8 ஆயிரம் டாலருக்கு விற்றாராம். வாங்கியவருக்கு ஒரே குஷி. “கொஞ்ச வருஷம் பொறுத்திருந்தால் இதே மனை 12 ஆயிரத்துக்குப் போகுமே, அவசரப்பட்டு விட்டீர்களே!” என்று கேலி செய்தார். ஆஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த 8 ஆயிரத்தைக் கொண்டு கால்வாய்த் தெருவுக்கு அப்பால் 80 மனை வாங்கப் போவதாகவும், இவருடைய மனை 12 ஆயிரத்துக்கு வரும் நாளில் அந்த எண்பதும் 80 ஆயிரத்துக்கு வந்துவிடும் என்றும் சொன்னாராம். கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு அவருடையதுதான். ஊர் வந்து சேர்ந்துவிட்ட இடத்தை விற்று, ஊர் இனிமேல் வரப்போகிற இடத்தை வாங்குவது.

சரி, வாங்கிய மனையில் வீடு கட்டினாரா? பெரும்பாலும் இல்லை. இங்கேதான் மனுஷருடைய சாமர்த்தியம். நம் ஊரில் அடிமனை வாடகை என்று சொல்கிறோமே, அதைத்தான் அவர் செய்தார். தரையை 21 வருஷக் குத்தகைக்கு விடுவது. வீடு கட்டுகிற செலவு குத்தகைக்காரருடையது. வரி கட்டுவதும் அவரே. 21 வருஷம் கழிந்ததும் புதிய வாடகை பேசிக் குத்தகையைப் புதுப்பிக்கலாம்; இல்லாவிட்டால் கட்டடத்துக்கு ஒரு விலை போட்டு ஆஸ்டரே எடுத்துக்கொள்ளலாம். செங்கல் வாங்க வேண்டாம், கொத்தனாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரவு தூங்கி எழுந்தால் தரையின் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். பகலில் வாடகை வரும். அந்த வாடகையில் இன்னொரு மனை.

1803-ல் ஒரு பண்ணை வாங்கினார். பிராட்வே சாலைக்கு மேற்கே ஹட்சன் ஆறு வரையில் சுமார் 70 ஏக்கர். அன்றைக்கு அது வெறும் பட்டிக்காடு. இன்றைக்கு 42-வது தெருவிலிருந்து 46-வது தெரு வரையில், மின்சார விளக்குகள் இரவைப் பகலாக்கும் டைம்ஸ் சதுக்கம் அந்தப் பண்ணையைச் சேர்ந்த பூமிதான்.

அதே சமயத்தில் ஆரன் பர் என்ற பெரிய மனிதர் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார். சாதாரண ஆசாமியல்ல; அமெரிக்காவின் துணை ஜனாதிபதி. டிரினிட்டி மாதாகோயிலுக்குச் சொந்தமான நிலத்தில், 1767-ல் ஏற்பட்ட 99 வருஷக் குத்தகையின் பாக்கிக் காலம் அவர் கையில் இருந்தது. அதை ஆஸ்டர் வாங்கிக்கொண்டு, இருநூறுக்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டார். 1804 ஜூலையில் பர் தம்முடைய அரசியல் எதிரி ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்று, ஊரை விட்டு ஓடும்படி ஆயிற்று. சரித்திரப் புத்தகங்கள் அந்தத் துப்பாக்கிச் சண்டையைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கின்றன. குத்தகைப் பத்திரம் கை மாறியதற்கு இரண்டு வரிதான். என்னைக் கேட்டால், நியூயார்க்கின் தலையெழுத்தை அந்த இரண்டு வரியும் கொஞ்சம் மாற்றியிருக்கிறது.

இது வரையில் கேட்டால், கெட்டிக்காரத்தனம் என்று நாமும் மெச்சிக்கொள்ளலாம். அடுத்த கதை அப்படியல்ல.

சுதந்திரப் போரில் ராஜா பக்கம் சேர்ந்த ரோஜர் மாரிஸ் என்பவருக்கும் அவர் மனைவிக்கும் நியூயார்க் மாகாணத்தில் பெரிய நிலம் இருந்தது. சுமார் 51 ஆயிரம் ஏக்கர். போர் நடந்தபோது சர்க்கார் அதைப் பறிமுதல் செய்து, உழுகிறவர்களுக்குத் துண்டு துண்டாக விற்றுவிட்டது. ஆனால் கல்யாணத்தின்போது எழுதிய பத்திரத்தின்படி, புருஷனுக்கும் மனைவிக்கும் அந்த நிலத்தில் ஆயுள் பாத்தியதை மட்டுமே. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு. பெற்றோர் செய்த குற்றத்துக்குப் பிள்ளைகளின் பங்கைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. வில்லங்கம் எங்கே ஒளிந்திருந்தது, பார்த்தீர்களா? ஆஸ்டர் பார்த்தார். 1809-ல் அந்தப் பிள்ளைகளின் பாத்தியதையை 20 ஆயிரம் பவுனுக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அந்த நிலத்தில் சுமார் 700 குடும்பங்கள் இருந்தன. சர்க்காருக்குக் கிரயம் கொடுத்து வாங்கியவர்கள். காடு வெட்டி, கல் பொறுக்கி, களஞ்சியம் கட்டி, பிள்ளை பெற்று, பெரியவர்களைப் புதைத்த இடம். திடீரென்று ஒரு நாள், “இது உங்கள் நிலம் அல்ல” என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும்? கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஆஸ்டரைவிட அந்த 700 வீடுகளின் அடுப்பங்கரைதான் அதிகமாகக் கண்ணில் தெரிகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. சட்டம் ஆஸ்டர் பக்கம் சாய்ந்தது. கடைசியில் குடியானவர்களைக் காப்பாற்ற மாகாண சர்க்கார் ஆஸ்டருக்குச் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஒரு பிடி மண்ணை உழாமல், ஒரு செங்கல்லை நகர்த்தாமல் வந்த பணம் இது. கொடுத்தது யார்? வரி கட்டுகிற ஜனங்கள்.

1834-ல் தோல் வியாபாரத்திலிருந்து விலகிவிட்டார். கிழவருக்கு இனிப் பூமி ஒன்றுதான் தொழில். மூன்று வருஷத்தில், 1837-ல், அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. அதற்கு முந்தின வருஷங்களில் மனை வாங்குவது ஒரு ஜுரம்போலப் பரவியிருந்தது. கடன் வாங்கி மனை வாங்கினார்கள். அந்த மனையை ஈடு வைத்து அடுத்த மனை வாங்கினார்கள். பாங்கிகள் கதவை மூடியதும் எல்லாம் சரிந்தது. ஆஸ்டர் கையில் ரொக்கம் இருந்தது. விழுந்த விலைக்கு வாங்கினார். தம்மிடம் அடமானம் வைத்தவர்கள் தவணை தவறியபோது, சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்து எடுத்துக்கொண்டார். மனையில் பணம் போட நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆஸ்டர் மண்ணில் போட்டது தோலிலும் தேயிலையிலும் சம்பாதித்த சொந்தப் பணம். அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது. கடன் வாங்கியவரைப் பார்த்து மண் காத்திருக்கச் சொல்லும். வட்டி காத்திருக்க விடாது. ஒரே தெருவில் ஒரே விலைக்கு மனை வாங்கிய இருவரில் ஒருவர் சீமானானார், மற்றவர் தெருவுக்கு வந்தார் என்றால் வித்தியாசம் இதுதான்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி ஜேம்ஸ் பார்ட்டன் என்பவர் 1865-ல் எழுதிய சரித்திரத்தில் ஒரு கதை வருகிறது. கிழவரால் எழுந்து நடமாட முடியவில்லை. தேகத்துக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவரை ஒரு கம்பளியில் போட்டுத் தூக்கித் தூக்கி அசைப்பார்களாம். அந்த நிலைமையிலும் வாடகை வசூல் செய்கிற குமாஸ்தாவைப் பார்த்து, இன்ன அம்மாள் பாக்கி கொடுத்தாளா என்று கேட்டார். கஷ்டத்தில் இருக்கிறாள், கொடுக்க முடியவில்லை என்றார் குமாஸ்தா. அவளால் முடியும், கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுப்பாள் என்று கிழவர் பிடிவாதம் பிடித்தார். குமாஸ்தா போய் மகனிடம் சொல்ல, மகன் தம் பணத்தை எடுத்துக் கொடுத்து, அந்த அம்மாளே கொடுத்ததாகச் சொல்லச் சொன்னார். பணத்தைக் கண்ட கிழவருக்குப் பரம திருப்தி: தாம் சொன்னது சரியாய்ப் போயிற்றே என்று.

இது எவ்வளவு தூரம் நிஜமோ! ஆனால் பல வருஷம் வாடகை வீட்டில் குடியிருந்து, மாதப் பிறப்பு என்றாலே வாசற்பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தவன் நான். இந்தக் கதை ஜனங்களிடையே ஏன் பரவியது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

இன்னொன்றும் சொல்கிறார்கள். மறுபடி வாலிபனாகப் பிறந்து, இப்போது தெரிந்தது அப்போதே தெரிந்து, கையில் பணமும் இருந்தால், மன்ஹாட்டன் தீவில் ஓர் அடி விடாமல் வாங்கிப் போட்டிருப்பேன் என்றாராம். பார்த்தீர்களா! நம்முடைய தாத்தாவும் அப்பாவும் விட்ட அதே பெருமூச்சு. அத்தனை வாங்கியவருக்கும் அது தீரவில்லை.

ஆஸ்டர் இறந்ததும் உயிலைப் பார்த்தார்கள். பொது நூல் நிலையத்துக்கு 4 லட்சம் டாலர். பிறந்த ஊரான வால்டார்ஃபின் ஏழைகளுக்கு 50 ஆயிரம். மிச்சத்தில் மிகப் பெரும்பாகம் மகன் வில்லியமுக்கு. ‘நியூயார்க் ஹெரால்டு’ பத்திரிகையின் ஆசிரியர் பென்னட்டுக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சொத்தில் பாதி நியூயார்க் ஜனங்களுடையது. அவர்களுடைய உழைப்பால்தான் அந்த மனைகளுக்கு விலை ஏறியது என்று எழுதினார்.

அவர் எழுதியதில் நியாயம் இல்லையா? 1811-ல் நகர நிர்மாணக் கமிஷனர்கள் தீவின் பெரும்பகுதிக்கு 12 பெருஞ்சாலைகளும் 155 குறுக்குத் தெருக்களும் கோடு போட்டுக் கொடுத்தார்கள். 1825-ல் மாகாண சர்க்கார் தன் செலவில் ஈரி கால்வாயை வெட்டி முடித்து, உள்நாட்டுத் தானியத்தையெல்லாம் நியூயார்க் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1842-ல் குரோட்டன் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. அயர்லாந்தில் பஞ்சம் வந்து, கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ரோடு போட்டவர் ஒருவர், கால்வாய் வெட்டியவர் ஒருவர், வியர்வை சிந்தியவர் லட்சம் பேர். விலை ஏறியது ஆஸ்டருடைய மனைக்கு.

இந்த நினைப்பையே ஒரு சாஸ்திரமாக வகுத்தவர் ஹென்றி ஜார்ஜ். 1879-ல் வெளிவந்த ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற அவருடைய புத்தகம் உலகமெங்கும் விற்றது. உழைப்புக்கு வரி போடாதே. சமூகத்தால் ஏறிய நில மதிப்புக்கு வரி போடு என்பது அவர் கட்சி. 1886-ல் நியூயார்க் மேயர் தேர்தலுக்கு நின்று இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர், பின்னால் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்.

மறு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்டர் யாரையும் கட்டாயப்படுத்தி மனை வாங்கவில்லை. எல்லோருக்கும் திறந்திருந்த சந்தையில்தான் வாங்கினார். ஊர் வடக்கே வராமல் வேறு துறைமுகம் தலையெடுத்திருந்தால் நஷ்டமும் அவருடையதாகவே இருந்திருக்கும். காத்திருப்பதற்கும் ஒரு கூலி உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது 2 கோடியா என்பதுதான் கேள்வி.

மகன் வில்லியமை ‘நியூயார்க்கின் நிலச்சுவான்தார்’ என்றே அழைத்தார்கள். 1875-ல் அவர் இறப்பதற்குள் சொத்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்த 21 வருஷக் குத்தகையின் வேறொரு குணம் இப்போது தலைகாட்டிற்று. 21 வருஷத்தில் கையைவிட்டுப் போகக்கூடிய தரையில் எவன் நல்ல வீடு கட்டுவான்? குத்தகைக்காரன் மலிவாக அடுக்கு வீடு கட்டினான். அறை அறையாகத் தடுத்தான். குடும்பம் குடும்பமாக அடைத்தான். வெளிச்சமில்லாத, காற்றில்லாத அறைகள். காசநோயும் காலராவும் வாடகை கொடுக்காமல் குடியேறின. 1890-ல் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகைக்காரர் அந்த அறைகளைப் படம் பிடித்துப் புத்தகமாக்கிய பிறகுதான் நியூயார்க் கனவான்கள் முகம் சுளித்தார்கள். 1901-ல் புதிய வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று கடுமையான சட்டம் வந்தது.

ஆஸ்டருடைய கொள்ளுப்பேரர்களில் ஒருவர் 1890-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்துக்குக் குடிபோய்ப் பிரபுவானார். வாடகை மட்டும் நியூயார்க்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இன்னொருவர், நாலாவது ஜான் ஜேக்கப் ஆஸ்டர், 1912 ஏப்ரலில் ‘டைட்டானிக்’ கப்பலோடு கடலில் மூழ்கினார். முதல் ஆஸ்டரைப் பனிக்கட்டி நிறுத்திவைத்து வழி காட்டியது. நாலாமவரைப் பனிக்கட்டியே கொண்டுபோயிற்று. கதையில் இப்படி எழுதினால் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

சொத்து இருபது வயதுப் பிள்ளை வின்சென்ட் ஆஸ்டருக்கு வந்தது. 1930-களில், ஏழைகளுக்கு நகரசபையே வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, கீழ்க்கிழக்குப் பகுதியில் தம் குடும்பத்துக்கு இருந்த பழைய அடுக்கு வீடுகளை வின்சென்ட் குறைந்த விலைக்கு நகரத்துக்கு விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் 1935 டிசம்பரில் ‘முதல் வீடுகள்’ என்ற பெயரோடு 122 குடியிருப்புகள் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் நகரசபை ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளில் முன்னோடி அதுதான். 1959-ல் வின்சென்ட் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் வைத்துப் போன தர்ம நிதியை அவருடைய மனைவி புரூக் ஆஸ்டர் நூல் நிலையங்களுக்கும், பூங்காக்களுக்கும், கண்காட்சிச் சாலைகளுக்குமாகக் கொடுத்துத் தீர்த்து 1997-ல் கணக்கை மூடினார். அந்த அம்மாள் அதில் பெரும்பாலும் நியூயார்க்கிலேயே செலவழித்தார். பணம் இங்கே கிடைத்தது, இங்கேதான் போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

பென்னட் 1848-ல் கேட்ட பாதியை அந்த ஊர் ஜனங்கள் நூற்றைம்பது வருஷம் பொறுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார்கள். அதற்குள் எத்தனை தலைமுறை வாடகை கொடுத்து முடித்திருக்கும்!

குடியிருக்க ஒரு மனை வாங்க ஆசைப்படுகிறவரை நான் தடுக்க மாட்டேன். சீக்கிரம் வாங்குங்கள், கடனை அளவோடு வாங்குங்கள், மூலப் பத்திரத்தை இரண்டு தடவை படியுங்கள், கல்யாணப் பத்திரத்துக்குள்ளே வில்லங்கம் ஒளிந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒன்றுக்கு மேல் வாங்கி வாடகைக்கு விடுகிற யோகம் உங்களுக்கு வந்தால், அந்த வீட்டில் ஜன்னல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்களுடைய மனைக்கு விலை ஏற்றித் தருகிறவர்கள் அந்த ஜன்னலுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.